பயிற்சிப் பகுதியில் இடம் சொல்வது: யாருக்காக, எப்போது, எவ்வளவு நம்பி

இரத்மலானையில் விமானம் ஓட்டக் கற்கும், அண்மையில் தனியாகப் பறக்கத் தொடங்கிய ஒருவரின் கேள்வி இது. பயிற்சிப் பகுதியில் ஒரே நேரத்தில் நான்கைந்து விமானங்கள் இருக்கின்றன. எல்லோரும் தாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் வானொலியில் சொல்கிறார்கள். கேட்டாலும் யார் எங்கே என்பது மனத்தில் தங்குவதில்லை. அப்படியிருக்க, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும், வெளியே நன்றாகப் பார்த்துப் பறந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை என்பது மேலே தெரியும் கேள்வி. காதில் விழுந்ததை வைத்து மனத்தில் வரைந்துகொள்ளும் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே உங்களை உறுத்துவதாக எனக்குப் படுகிறது. கொழும்புக்குத் தெற்கே இதே வானத்தில் பல ஆண்டுகள் மாணவர்களின் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து பறந்த பயிற்றுநர் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள வான்வெளியில், கண்பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறக்கும் இரண்டு விமானங்களைப் பிரித்து வைக்கும் பொறுப்பு அவற்றை ஓட்டுபவர்களுடையது. கோபுரத்தில் இருப்பவரோ தகவல் சேவை தருபவரோ இன்னொரு விமானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லலாம். சொன்னதனால் அந்தப் பொறுப்பு அவருடைய தோளுக்குப் போவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் இணைப்பில் உள்ள வான்விதிகளும் இதையே அடிப்படையாகக் கொண்டவை. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருடைய வலப்பக்கத்தில் மற்றவர் இருக்கிறாரோ அவர் வழிவிட வேண்டும். முந்துபவர் வலப்பக்கமாக விலகி முந்த வேண்டும். விதிகள் தெளிவானவை. ஆனால் ஒருவர் மற்றவரைக் கண்ட பிறகுதான் அவை வேலை செய்யும்.

காண்பதுதான் கடினம். கண்ணால் பார்த்தால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இங்கே கணக்குப் போட்டே விடை சொல்லலாம். இரண்டு செஸ்னா சிறு விமானங்கள் ஆளுக்கு 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், இடையிலுள்ள தூரம் நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் குறைகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் அறிவுரைக் குறிப்பு ஒன்று, ஒரு பொருளைக் கண்டதிலிருந்து விமானம் உண்மையில் திசை மாறுவது வரை 12.5 நொடி ஆகும் என்று கணக்கிடுகிறது. அதில் 5 நொடி, மோதும் பாதையில் இருக்கிறோம் என்று உணர்வதற்கே போகிறது. 4 நொடி எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க. 2 நொடி விமானம் கைக்குக் கட்டுப்பட்டு நகர. ஆகவே ஏறத்தாழ 1.3 கிலோமீட்டருக்கு முன்பே நீங்கள் அதைக் கண்டிருக்க வேண்டும். செஸ்னா 172இன் சிறகு முனையிலிருந்து முனை வரை 11 மீட்டர். அந்தத் தூரத்தில் அது வானில் பிடிக்கும் அகலம் சுமார் அரைப் பாகை, அதாவது முழுநிலவின் அகலம். ஆனால் நிலவைப் போல வட்டமாக ஒளிராது. மெல்லிய கோடாகவும் நடுவில் சிறு புள்ளியாகவும் மட்டுமே இருக்கும். பாணந்துறைப் பக்கத்துக் கடல்மூட்டத்தில் அந்தக் கோடு கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோதும் பாதையில் வரும் விமானம் உங்கள் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகும், அதுவும் கடைசி சில நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். அசைவதை உடனே பிடிக்கும் நம் கண், அசையாத புள்ளியைக் கண்ணாடிக் கறையாக எண்ணிக் கடந்துவிடும். இது கவனக்குறைவால் வருவதல்ல, கண்ணின் இயல்பு. எவ்வளவு நல்ல விமானியானாலும் இதில் விலக்கில்லை.

வானொலியின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. பார்த்து விலகும் முறையின் குறைபாடுகளைப் பற்றி ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்புப் புலனாய்வு அமைப்பு 1991இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவரின் தேடல், எதுவும் சொல்லப்படாதவரின் தேடலைவிட எட்டு மடங்கு பயன் தரக்கூடும் என்று அது குறிப்பிடுகிறது. இட அறிவிப்பு செய்யும் வேலை அவ்வளவுதான். இன்னொருவரின் கண்ணை வானத்தின் சரியான துண்டுக்குத் திருப்புவது. அது கண்ணின் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை, கண்ணும் அதன் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. நான் மாணவர்களிடம் விடாப்பிடியாகச் சொல்லிவந்தது இதிலிருந்து பிறந்ததுதான்: வானொலியில் பேசும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இதைக் கேட்பவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாதென்றால் அந்த அறிவிப்பு அலைவரிசையை நிரப்பியது, வேறெதுவும் செய்யவில்லை.

‘பொல்கொடைக்கு மேல் இருக்கிறேன்’ என்பது அப்படிப்பட்ட அறிவிப்பு. பொல்கொடை ஒரே நீர்ப்பரப்பு அல்ல. வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் கால்வாய் ஒன்று. மொறட்டுவைப் பக்கத்துக் கரைக்கும் தெற்கு ஏரியின் கோடிக்கும் இடையில் எத்தனையோ விமானங்கள் ஒன்றையொன்று காணாமல் சுற்றலாம். ‘பொல்கொடை தெற்கு ஏரி, கிழக்குக் கரை’ என்று சொன்னால் தேட ஓர் இடம் கிடைக்கிறது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலை இன்னும் நல்ல அடையாளம். பண்டாரகமைக்கும் ஹொரணைக்கும் இடையே அது வடக்குத் தெற்காக ஓடுவதால் அதற்கு மேற்கா கிழக்கா என்று சொன்னாலே வானத்தில் பாதி கழிந்துவிடும். கரையோரமாக ரயில்பாதை, களு கங்கையின் முகத்துவாரம், களுத்துறையின் வெள்ளைத் தாதுகோபம் ஆகியவற்றை முதல் நாள் பறப்பவரும் தவறவிடமாட்டார். ஆனால் வெள்ளவத்தையில் வளர்ந்தவருக்குக் காலி வீதி முழுதும் பழக்கம், ஹொரணைக்கு உட்பட்ட ஊர்கள் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து படிப்பவருக்கு இரண்டுமே புதிது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த சிற்றூரின் பெயரைச் சொல்லாதீர்கள். அலைவரிசையில் இருப்பவர்களில் மிகப் புதியவருக்கும் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் இரத்மலானையிலிருந்து எத்தனை கடல் மைல், எந்தத் திசையில் என்று சொல்வதும் நன்று. திசையை எப்போதும் விமான நிலையத்திலிருந்து உங்களை நோக்கி அளந்து சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் கேட்பவர் நேரெதிர்ப் பக்கத்தில் தேடுவார். இவை நான் எடுத்துக்கொண்ட உதாரணங்கள். பயிற்சிப் பகுதியின் எல்லைகள், உச்ச உயரம், பயன்படுத்த வேண்டிய அலைவரிசை, அறிவிக்கும் புள்ளிகள் ஆகியவற்றுக்கு நடப்பிலுள்ள ஏஐபி எனும் நாட்டின் அதிகாரபூர்வ விமானத் தகவல் வெளியீட்டையும் உங்கள் பயிற்சி நிலையத்தின் கையேட்டையும்தான் பார்க்க வேண்டும். நான் எழுதியது அவற்றோடு முரண்பட்டால் அவையே சரி.

இடத்தைவிட உயரம் எனக்கு முக்கியம். இடம் சொல்வதில் ஒரு மைல் பிசகுவது எளிது. உயரத்தை உயரமானி பார்த்துச் சொல்கிறோம். அதனால் இரு விமானங்களைப் பிரித்து வைக்கும் உறுதியான வேலி அதுதான். ஆனால் அந்த வேலி நிற்பது எல்லோரும் உயரமானியில் ஒரே கியூஎன்எச் அழுத்தத்தை (கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டுவதற்காக வைக்கும் காற்றழுத்த எண்ணை) வைத்திருந்தால்தான். ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வேறுபாடு ஏறத்தாழ 28 அடி. நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் வானிலையில் எந்த மாற்றமும் இல்லாத நாளிலும் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கு ஏறி, பிற்பகல் நான்கு மணியளவில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கலாம். காலையில் வைத்த எண்ணை மாற்றாமல் பிற்பகலில் பறப்பவருக்கும் புதிதாக வைத்துக்கொண்டு வந்தவருக்கும் இடையில் நூறடிக்கு அருகே பிசகு வந்துவிடும். ஐந்நூறு அடி இடைவெளி என்று நம்பியிருப்பவருக்கு இது சிறிய தொகை அல்ல.

அடுத்தது, பயிற்சியில் நாம் ஓர் உயரத்தில் நிற்பதே இல்லை. ஸ்டால், அதாவது சிறகு தூக்குவிசையை இழக்கும் நிலை, அதிலிருந்து மீளும் பயிற்சியில் விமானம் சில நூறு அடி இறங்கி மீண்டும் ஏறுகிறது. இயந்திரம் நின்றதாகப் பாவித்து இறங்கும் பயிற்சியில் சில நிமிடங்களிலேயே ஆயிரக்கணக்கான அடி கீழே போகிறோம். அப்படியிருக்க ‘2,500 அடி’ என்று ஒற்றை எண் சொல்வது கேட்பவரை ஏமாற்றும். ‘2,000க்கும் 3,000க்கும் இடையில் ஸ்டால் பயிற்சி’ என்று பட்டையாகச் சொல்லுங்கள். இறங்கப் போகிறீர்கள் என்றால் எங்கிருந்து எது வரை என்று சொல்லுங்கள். மேலே ஏறும்போது உங்களுக்கு மேலே இருப்பவரை உங்கள் சிறகு மறைக்கும், அவருக்கு உங்களை அவர் விமானத்தின் அடிப்பகுதி மறைக்கும். செஸ்னா போல மேற்சிறகு கொண்ட விமானமும் பைப்பர் போல தாழ்சிறகு கொண்ட விமானமும் ஒரே பகுதியில் பறக்கும்போது இது இரட்டிப்பாகும். ஏறுவதற்கு முன்னும் இறங்குவதற்கு முன்னும் சொல்லும் அறிவிப்பை நிலையாகப் பறக்கும்போது சொல்லும் அறிவிப்பைவிட நான் மேலாக மதிப்பது இதனால்தான்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? இங்கே உறுதியான நிலத்தை விட்டு என் கருத்துக்கு வருகிறேன். பத்து நிமிடம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், பதினைந்து என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பயிற்சி நிலையம் ஓர் இடைவெளியை விதித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எல்லோரும் ஒரே முறையில் நடப்பதற்கே தனி மதிப்பு உண்டு. என் அனுபவத்தில் கடிகாரத்தைவிட நிகழ்ச்சியை வைத்துச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. பகுதிக்குள் நுழையும்போது, ஒரு பயிற்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, உயரப் பட்டையை மாற்றும்போது, ஏரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது, திரும்பி வரப் புறப்படும்போது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஒருவர் உங்களுக்கு அருகில் ஓர் இடத்தைச் சொல்லும்போது. அந்தக் கணத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வரி, யாரும் அருகில் இல்லாதபோது சொன்ன பல வரிகளுக்கு ஈடாகும். நீண்ட நேரம் ஒரே இடத்தில் ஒரே பயிற்சியைச் செய்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை நினைவூட்டுங்கள். உங்களுக்குப் பின் வந்தவர் உங்கள் முதல் அறிவிப்பைக் கேட்டிருக்கமாட்டார்.

அதிகமாகச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. விமான வானொலி விஎச்எஃப் அலையில், ஏஎம் முறையில் இயங்குகிறது. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மற்றவர்கள் காதில் விழுவது ஒரு கீச்சொலியும் அரைகுறைச் சொற்களும். 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப்பில் 583 பேர் இறந்த விபத்தில், ஓடுபாதையில் இன்னும் இருக்கிறோம் என்று ஒரு விமானம் சொன்னதும் கோபுரம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, புறப்படத் தொடங்கிவிட்ட மற்ற விமானத்தில் கீச்சொலியாகக் கேட்டன. நம் பகுதியில் பறப்பவை சிறு விமானங்கள், ஆனால் அலையின் இயல்பு மாறுவதில்லை. இதில் மாணவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் பேசிய இருவருக்கும் தாம் மோதிக்கொண்டது தெரியாது. பேசும்போது உங்கள் வானொலி கேட்காது. இருவருமே எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு பறப்பார்கள். ஆகவே கீச்சொலியைக் கேட்ட மூன்றாமவர் நீங்கள் என்றால், இரண்டு அறிவிப்புகள் ஒன்றாக விழுந்தன, மீண்டும் சொல்லுங்கள் என்று சொல்வது உங்கள் கடமை. புதியவர், தனியாகப் பறக்கும் மாணவர் என்று தயங்க வேண்டாம். அதேபோல, அழுத்திய பொத்தான் ஒட்டிக்கொண்டால் அலைவரிசை முழுதும் முடங்கும். திடீரென்று வெகுநேரம் எவருமே பேசவில்லை என்று தோன்றினால் முதலில் உங்கள் பொத்தானைப் பாருங்கள், பிறகு ஒலியளவைப் பாருங்கள்.

இப்போது உங்களை உண்மையில் வாட்டுவது: கேட்டது மனத்தில் நிற்கவில்லை. கேட்டதையெல்லாம் நினைவில் வைக்க முயல்வதால்தான் நிற்பதில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். என் உயரப் பட்டைக்குள் இருக்கிறாரா? நெடுஞ்சாலைக்கு என் பக்கத்தில் இருக்கிறாரா? என்னை நோக்கி வருகிறாரா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று உறுதியாகப் பதில் கிடைத்து, அவர் அதை மாற்றப்போவதாகவும் சொல்லவில்லை என்றால் அவரைச் சற்று நேரம் ஓரமாக வைக்கலாம். மிஞ்சுவது பெரும்பாலும் ஒருவர், அதிகம் போனால் இருவர். அவர்களைத் தொடையில் கட்டிக்கொள்ளும் தொடைப்பலகையின் தாளில் குறியுங்கள். புறப்படுவதற்கு முன்பே கரையோரக் கோடு, இரண்டு ஏரிகள், நெடுஞ்சாலை, களு கங்கை ஆகியவற்றை மட்டும் கொண்ட சிறு படத்தை வரைந்துகொள்ளுங்கள். அதில் அழைப்புக்குறியின் (வானொலியில் விமானத்தின் பெயராகச் சொல்லும் பதிவெழுத்துகளின்) கடைசி எழுத்து, உயரம், கேட்ட நிமிடம் ஆகிய மூன்றையும் போடுங்கள். கடைசி எழுத்து மட்டும் என்பதில் ஓர் எச்சரிக்கை: ஒரே நிலையத்தின் விமானங்களுக்கு ஒன்றையொன்று ஒத்த பதிவெழுத்துகள் வாய்ப்பதுண்டு. ஆல்பா பிராவோ சார்லியும் (ABC) ஆல்பா டெல்டா சார்லியும் (ADC) ஒரே நேரத்தில் பறந்தால் முழு அழைப்புக்குறியையும் எழுதுங்கள், முழுதாகவே பேசுங்கள்.

நிமிடத்தை ஏன் எழுத வேண்டும்? 90 நாட் வேகத்தில் பறப்பவர் நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் போகிறார். ஆறு நிமிடத்தில் ஒன்பது கடல் மைல், கிட்டத்தட்டப் பாணந்துறைக் கடற்கரையிலிருந்து ஹொரணை வரை. ஆறு நிமிடம் பழைய அறிவிப்பில் இடம் என்பதற்கு மதிப்பே இல்லை. அவர் அந்தப் பகுதியில் இருக்கிறார் என்பது மட்டுமே மிச்சம். ‘சொன்ன இடத்தில் பார்த்தேன், ஆளைக் காணவில்லை’ என்று மாணவர்கள் அடிக்கடி சொல்வார்கள். பெரும்பாலும் சொன்னவர் பொய் சொல்லியிருக்கமாட்டார், அறிவிப்புக்கு வயதாகியிருக்கும். அதனால்தான் எங்கே இருக்கிறேன் என்பதோடு நிறுத்தாமல் அடுத்து எங்கே போகிறேன், எவ்வளவு நேரம் இங்கே இருப்பேன் என்பதையும் சேர்க்கச் சொல்கிறேன். அந்த ஒரு சொற்றொடர் அறிவிப்பின் ஆயுளைக் கூட்டுகிறது.

கேட்பதும் தெரிந்துகொள்வதும் போதாத இடம் ஒன்று உண்டு. 2020 பெப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மங்களூர் என்ற ஊருக்கு அருகே (கர்நாடகத்து மங்களூர் அல்ல) பயிற்சியில் இருந்த இரண்டு இரட்டை இயந்திர விமானங்கள் நடுவானில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அது கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள வான்வெளி. இரு விமானங்களும் கருவி விதிகளின்படி, அதாவது வெளிப்பார்வையை நம்பாமல் கருவிகளைக் கொண்டு பறக்கும் முறையில், பறந்தன. ஒன்றைப் பற்றி மற்றதற்குக் கட்டுப்பாட்டாளர் தகவல் கொடுத்திருந்தார். தகவல் கிடைத்த பிறகும் இரு தரப்பும் விலகவோ, விலகுவதற்காக ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசவோ இல்லை, ஆபத்தை அவர்கள் உணராமல் போனதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நான்கு பேரும் கற்றவர்கள் அல்லது கற்பிப்பவர்கள். என்னைப் பொறுத்தவரை பயிற்சி வானொலியைப் பற்றிப் படிக்க வேண்டிய முதல் அறிக்கை இதுதான். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் இட அறிவிப்பு இருவருக்கிடையிலான உடன்பாடு ஆகாது. உங்கள் பட்டையில், உங்கள் பக்கத்தில் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால் அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லி நேரடியாக அழையுங்கள். நான் இங்கே இருக்கிறேன், நெடுஞ்சாலைக்கு மேற்கே 2,000 அடிக்குக் கீழே இருப்பேன், நீங்கள் கிழக்கே இருப்பீர்களா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி, அந்தப் பதிலில் உயரமோ பக்கமோ இருந்தால்தான் அது உடன்பாடு. வெறும் ‘ரோஜர்’ உடன்பாடு அல்ல, கேட்டேன் என்று மட்டுமே அதற்குப் பொருள். பதிலே வராவிட்டால் அவர் கேட்கவில்லை என்றே கொள்ளுங்கள், நீங்கள் விலகிவிடுங்கள். யாருக்கு முன்னுரிமை என்று அப்போது எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

எல்லோரும் ஒன்றுகூடும் இடத்தில் இந்த விழிப்பு இன்னும் வேண்டும். நடுவான் மோதல்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், நல்ல வானிலையில், விமான நிலையத்துக்கு அருகே, தாழ்ந்த உயரத்தில் நடக்கின்றன. 2025 ஜூலையில் கனடாவின் மனிடோபாவில், ஸ்டைன்பாக் நகருக்கு அருகே, தனித்தனியாகத் தரையிறங்கும் பயிற்சியில் இருந்த இரு மாணவர்களின் செஸ்னாக்கள் மோதி இருவரும் இறந்தார்கள். ஒருவர் கேரளத்திலிருந்து படிக்கப் போனவர். இரு விமானங்களிலும் வானொலி இருந்தது. நம் ஊரில் இதற்கு ஒரு பருவமும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமுகில்கள் ஹொரணைக்கு அப்பால் உள்நாட்டில் எழும். அப்போது கிழக்கே இருந்தவர்கள் எல்லோரும் கரையை நோக்கி ஒதுங்கி, ஒரே நேரத்தில் இரத்மலானைக்குத் திரும்புவார்கள். வானம் சுருங்கும் அதே கணத்தில் அலைவரிசையும் நெரிசலாகும், பேச இடம் கிடைக்காது. முகில் எழுவதைக் கண்டவுடன், மற்றவர்களுக்கு முன்பே புறப்பட்டு முன்பே அறிவியுங்கள். பயிற்சி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. விமான நிலையத்துக்குத் திரும்புபவர்கள் கூடும் புள்ளியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, தலையைக் கருவிப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே சரிபார்ப்புப் பட்டியல் படிக்கும் வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது, முன்பே முடித்திருக்க வேண்டும்.

ராடாரின் கேள்விக்கு விமானத்திலிருந்து தானாகவே பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், திரையில் விமானங்களைக் காட்டும் ஏடிஎஸ்-பி கருவி ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சொல். டிரான்ஸ்பாண்டரை உயரம் அனுப்பும் நிலையில் எப்போதும் வைத்திருங்கள். பெரிய விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவிக்கு உங்களைக் காட்டுவது அது ஒன்றுதான். திரை உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மங்களூர் விசாரணையும் இத்தகைய கருவிகளின் பயனை வலியுறுத்தியது. ஆனால் அனுப்புபவரை மட்டுமே திரை காட்டும். கருவி இல்லாதவரும் அணைத்து வைத்தவரும் அதில் இல்லை. வெற்றுத் திரையைப் பார்த்து வெற்று வானம் என்று எண்ணும் மாணவருக்கு அதனால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. தனியாகப் பறக்கும் முதல் மாதங்களில் அதை எட்டத்தில் வைத்திருப்பதே நல்லதென்று நினைக்கிறேன். என்னோடு இதில் உடன்படாத நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். உங்களோடு பறந்தவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உங்கள் கையைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

உங்கள் கேள்வியில் ‘பேசும்போது தடுமாறுகிறேன்’ என்றும் ஒரு வரி இருந்தது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுவதால் வரும் தடுமாற்றம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர்களும் இதே அளவு தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது என்று முடிவெடுப்பதற்கு முன் பொத்தானை அழுத்துவதுதான் காரணம். யார், எங்கே, எந்த உயரம், என்ன செய்கிறேன், அடுத்து என்ன: இந்த ஐந்தையும் எப்போதும் இதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறாவிட்டால் கேட்பவருக்கும் எந்தச் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். வேகமாகப் பேசுவது திறமையின் அடையாளம் அல்ல. அலைவரிசையில் மூத்தவர்கள் அப்படிப் பேசுவதைக் கேட்டுப் பின்பற்றாதீர்கள். ஒருவர் சொன்ன உயரம் புரியவில்லை என்றால் உயரத்தை மட்டும் மீண்டும் சொல்லும்படி கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு ஊகித்துக்கொள்வது எனக்குப் பெரிய அச்சம் தரும் பழக்கம்.

கடைசியாக, வானொலி இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று. புறப்படுவதற்கு முன் பதிவுப் பலகையைப் பாருங்கள். அந்த மணி நேரத்தில் எந்த விமானங்கள் போகின்றன, எவரோடு, எந்தப் பயிற்சிக்கு என்று அதில் இருக்கும். அவர்களைத் தேடிப் போய், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள், நான் தெற்கு ஏரிக்குப் போகிறேன் என்று நின்றபடி இரண்டு நிமிடம் பேசுங்கள். பக்கத்து நிலையத்து விமானங்களானாலும் தொலைபேசியில் கேட்கலாம். மேலே கேட்கும் குரல் எவருடையது, அவர் என்ன செய்ய வந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, உங்கள் படத்தில் குறிக்க வேண்டியது பாதியாகக் குறையும். ‘மனத்தில் நிற்கவில்லை’ என்ற உங்கள் முறைப்பாட்டுக்கு நான் கண்ட மருந்துகளில் விரைவாக வேலை செய்தது இதுதான். அடுத்த தனிப் பறப்புக்கு முன் செய்து பாருங்கள்.